ஐந்தரை லட்சத்தை 537 வென்ற கதை: ஃபுளோரிடா, 2000

2000-ம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முந்தைய நாட்களில், அங்கே அரசியல் எழுதுகிறவர்கள் ஒரு விசித்திரமான சாத்தியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாடு முழுக்கக் கூட்டிப் பார்த்தால் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ்ஷுக்கு அதிக ஓட்டு விழுந்திருக்கும், ஆனால் வெள்ளை மாளிகைக்குப் போகிறவர் ஜனநாயகக் கட்சியின் அல் கோராக இருப்பார். அப்படி நடந்தால் ஊர் ஒத்துக்கொள்ளுமா என்பது கேள்வி. கடைசியில் நடந்தது அதே கூத்துதான், ஆள் மட்டும் மாறிவிட்டார்.

கோர் வாங்கியது 5,09,99,897 ஓட்டு. புஷ் வாங்கியது 5,04,56,002. கோருக்கு 5,43,895 ஓட்டு கூடுதல். அதிபரானது புஷ். காரணம், ஃபுளோரிடா என்ற ஒரு மாகாணத்தில் அவர் 537 ஓட்டு முன்னால் இருந்தார். அங்கே பதிவான ஓட்டு கிட்டத்தட்ட 60 லட்சம். அதில் 537 என்பது பத்தாயிரத்துக்கு ஒன்றுகூட வராது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஃபுளோரிடாவின் குழப்பமான வாக்குச்சீட்டையும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் சொல்லி முடித்துவிடுவார்கள். ஃபுளோரிடா ஏன் புஷ் பக்கம் சாய்ந்தது என்பதற்கு அது பதில். அந்த ஐந்தரை லட்சம் ஏன் எந்த இடத்திலும் செல்லுபடியாகவில்லை என்பது வேறு கேள்வி. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

யாருக்கு விழுகிறது அந்த ஓட்டு?

வாக்குச்சீட்டில் புஷ், கோர் என்றுதான் பெயர் இருக்கும். ஆனால் போடுகிற ஓட்டு அவர்களுக்கு நேராகப் போவதில்லை. ஒவ்வொரு கட்சியும் ஒவ்வொரு மாகாணத்திலும் ஒரு பட்டியல் வைத்திருக்கும். கட்சி நிர்வாகிகள், உள்ளூர்ப் பிரமுகர்கள், பல வருடம் உழைத்த தொண்டர்கள் அதில் இருப்பார்கள். இவர்கள்தான் தேர்வாளர்கள். மக்கள் தேர்ந்தெடுப்பது இந்தப் பட்டியலை. அதிபரைத் தேர்ந்தெடுப்பது இந்தப் பட்டியலில் இருப்பவர்கள்.

மாகாணத்துக்கு எத்தனை தேர்வாளர்கள்? நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் எத்தனை இடமோ அத்தனை, அதோடு மேலவையான செனட்டின் இரண்டு இடத்துக்காக இரண்டு பேர். மாகாணம் எவ்வளவு சின்னதானாலும் அந்த இரண்டு உண்டு. சபைக்கு 435, செனட்டுக்கு 100, தலைநகர் வாஷிங்டனுக்கு 1961-ல் 23-வது சட்டத்திருத்தம் கொடுத்த 3, ஆக 538. ஜெயிக்க 270 வேண்டும். இந்த 538 பேருக்கும் சேர்த்து எலக்டோரல் காலேஜ் என்று பெயர். பெயர்தான் காலேஜ், எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்ததே கிடையாது. டிசம்பரில் ஒரு நாள் அவரவர் மாகாணத் தலைநகரில் கூடி, ஓட்டுப் போட்டு, தாளை வாஷிங்டனுக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

மெய்ன், நெப்ராஸ்கா இரண்டும் தவிர மற்ற எல்லா இடத்திலும் முதலில் வந்தவருக்கே மொத்தப் பட்டியலும். ஒரு ஓட்டில் ஜெயித்தாலும் அதே, பத்து லட்சத்தில் ஜெயித்தாலும் அதே. இந்த ஏற்பாடு அரசியல் சாசனத்தில் எங்கும் எழுதப்படவில்லை. ஆரம்பத்தில் மாகாணத்துக்கு ஒரு முறை இருந்தது. 1800 தேர்தலுக்கு முன் வர்ஜீனியா, தன் ஊர்க்காரரான ஜெஃபர்சனுக்கு ஒரு தேர்வாளர்கூடத் தவறக் கூடாது என்று இந்த முறைக்கு மாறியது. பக்கத்து வீட்டுக்காரர் வேலி போட்டால் நாம் சும்மா இருக்க முடியுமா? ஒவ்வொன்றாக மற்றவையும் மாறின. 1836-ல் பாக்கி நின்றது தென் கரோலினா மட்டும். அங்கே 1860 வரை அதிபர் தேர்தலில் மக்களுக்கு ஓட்டே இல்லை, சட்டமன்றமே தேர்வாளர்களை நியமித்தது.

1787-ல் ஃபிலடெல்ஃபியாவில் அரசியல் சாசனம் எழுதக் கூடியபோது, மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்று ஜேம்ஸ் வில்சன் சொல்லிப் பார்த்தார். ஜேம்ஸ் மேடிசனுக்கும் கொள்கையளவில் அதில் மறுப்பு இல்லை. ஆனால் தெற்குக்கு அது கட்டுப்படியாகாது என்று அவரே எடுத்துச் சொன்னார். அங்கே ஓட்டுரிமை உள்ளவர்கள் குறைவு, ஜனத்தொகையில் கணிசமானவர்கள் அடிமைகள். தேர்வாளர் முறையில் அந்தச் சிக்கல் இல்லை. பிரதிநிதிகள் சபை இடங்களைப் பங்கிடும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கில் எடுத்திருந்தார்கள். அதே கணக்கு தேர்வாளர் எண்ணிக்கைக்கும் வந்துவிட்டது. ஓட்டுப் போட முடியாதவர்களின் தலைக்கணக்கு, அவர்களை அடிமையாக வைத்திருந்தவர்களின் பலமாக மாறியது. முதல் 36 ஆண்டில் 32 ஆண்டு அதிபர் நாற்காலியில் இருந்தவர்கள் வர்ஜீனியாக்காரர்கள். சின்ன மாகாணங்களைக் காப்பாற்ற வந்த முறை இது என்று சொல்வார்கள். அது பாதிக் கதைதான்.

இந்த அமைப்பில் 'நாடு தழுவிய மொத்த ஓட்டு' என்று ஒரு எண் எந்தக் கட்டத்திலும் தேவைப்படுவதில்லை. ஒவ்வொரு மாகாணமும் தன் கணக்கை முடித்து, தன் தேர்வாளர்கள் யார் என்று சான்று எழுதித் தருகிறது. 50 மாகாணக் கணக்கையும் வாஷிங்டன் கணக்கையும் கூட்டி, இவர்தான் அதிகம் வாங்கினார் என்று முத்திரை குத்தித் தர எந்த அதிகாரிக்கும் வேலை இல்லை. மேலே நான் கொடுத்த 5,09,99,897 என்பது பிற்பாடு கூட்டிச் சேர்த்த எண். அதற்குப் புள்ளிவிவர மதிப்பு உண்டு, சட்ட மதிப்பு இல்லை.

அந்த இரவு

நவம்பர் 7. ஃபுளோரிடாவுக்கு 25 தேர்வாளர்கள். மாகாணத்தின் மேற்கு மூலை ஒரு மணி நேரம் பின்தங்கிய நேர மண்டலத்தில் இருக்கிறது. அங்கே இன்னும் ஓட்டுப்பதிவு முடியாத நிலையில், இரவு எட்டு மணிக்குச் சற்று முன்பே டிவி சேனல்கள் ஃபுளோரிடாவைக் கோருக்கு எழுதிவிட்டன. பத்து மணிவாக்கில் அதை வாபஸ் வாங்கின. நள்ளிரவு தாண்டி இரண்டே கால் மணிக்கு ஒரு சேனல் புஷ் என்றது, சில நிமிடங்களில் மற்றவையும் அதையே சொன்னன.

இந்த இரண்டாவது தப்புக்குப் பின்னால் ஒரு வேடிக்கை உண்டு. வொலூஷியா கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஒரு வாக்குச்சாவடியின் மெமரி கார்டு கோளாறாகி, கோரின் மொத்தத்திலிருந்து 16,022 ஓட்டைக் கழித்துவிட்டது. கூட்டவில்லை, கழித்தது! அதைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்குள் அந்த எண்ணும் சேர்ந்த கணக்கை வைத்துச் சேனல்கள் முடிவு சொல்லியாகிவிட்டது.

கோர் அதை நம்பி புஷ்ஷுக்குப் போன் போட்டு வாழ்த்துச் சொன்னார். நாஷ்வில்லில் காத்திருந்த ஆதரவாளர்களிடம் தோல்வியை அறிவிக்கக் காரில் கிளம்பியும் விட்டார். வழியில் உதவியாளர்களுக்கு வித்தியாசம் வேகமாகக் கரைகிறது என்று தகவல் வந்தது. மேடை ஏறவில்லை. மறுபடி புஷ்ஷைக் கூப்பிட்டு, சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொண்டார். விடிந்தபோது வித்தியாசம் 1,784. அரை சதவீதத்துக்குக் கீழே என்றால் யாரும் கேட்காமலே எந்திரத்தில் மறு எண்ணிக்கை என்பது ஃபுளோரிடா சட்டம். எண்ணினார்கள். 327 ஆனது.

பட்டாம்பூச்சியும் பொட்டும்

பாம் பீச் கவுண்டியின் வாக்குச்சீட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

வாக்காளர் கையில் ஒரு அட்டை. அதில் சுற்றிலும் துளையிட்டு வைத்த பொடிப்பொடிச் சதுரங்கள். அட்டையை ஒரு எந்திரத்தின் அடியில் செருகினால் மேலே ஒரு சின்னப் புத்தகம் விரிந்திருக்கும். வேட்பாளர் பெயருக்கு நேரே உள்ள ஓட்டையில் ஊசி மாதிரி ஒரு குச்சியை விட்டு அழுத்தினால், கீழே அட்டையிலிருந்து ஒரு பொட்டு உதிர்ந்து விழும். அந்த ஓட்டைதான் ஓட்டு. எந்திரம் ஒளியை விட்டு எண்ணும்.

அந்த வருடம் அதிபர் பதவிக்குப் பத்து வேட்பாளர்கள். எல்லாப் பெயரையும் ஒரே பக்கத்தில் அடைத்தால் எழுத்து பொடியாகிவிடும். கவுண்டியில் வயதானவர்கள் அதிகம். அதனால் பொறுப்பில் இருந்த தேர்தல் அதிகாரி, கோரின் கட்சியைச் சேர்ந்தவர்தான், நல்லெண்ணத்தில் எழுத்தைப் பெரிதாக்கி, பெயர்களை இடப்பக்கம் கொஞ்சம் வலப்பக்கம் கொஞ்சம் என்று பிரித்துப் போட்டார். நடுவில் ஒரே வரிசையில் ஓட்டைகள். இறக்கை விரித்த மாதிரி இருந்ததால் அதற்குப் பட்டாம்பூச்சிச் சீட்டு என்று பெயர் வந்தது.

இடப்பக்கம் முதல் பெயர் புஷ், அதன் கீழே இரண்டாவது பெயர் கோர். இயல்பாகக் கண் என்ன நினைக்கும்? முதல் ஓட்டை புஷ், இரண்டாவது கோர். ஆனால் இரண்டாவது ஓட்டை வலப்பக்கம் முதலில் இருந்த பேட் புக்கானனுக்கு. கோருக்கு மூன்றாவது. அம்புக்குறி போட்டிருந்தது உண்மைதான். வரிசையில் பின்னால் ஆள் நிற்கும்போது எத்தனை பேர் அம்பைப் பின்தொடர்ந்து பார்ப்பார்கள்?

கடும் வலதுசாரியான புக்கானனுக்கு அந்தக் கவுண்டியில் 3,407 ஓட்டு விழுந்தது. யூத முதியவர்கள் நிறைந்த, கோர் கட்சியின் கோட்டையான ஊர் அது. அதைவிடப் பெரிய மயாமி-டேட் கவுண்டியிலேயே அவருக்கு அறுநூறு எட்டவில்லை. அந்த ஓட்டில் பெரும்பகுதி தனக்கு விழுந்ததாகத் தெரியவில்லை என்று புக்கானனே டிவியில் சொன்னார். அப்புறம், தப்பாகக் குத்திவிட்டோம் என்று புரிந்து கோருக்கும் சேர்த்துக் குத்தியவர்கள் இருந்தார்கள். இரண்டு ஓட்டை இருந்தால் செல்லாத ஓட்டு. பாம் பீச்சில் மட்டும் இப்படி இரட்டைக் குத்து விழுந்து கழிந்தவை 19,000-க்கும் மேல். டுவால் கவுண்டியில் வேட்பாளர் பட்டியல் இரண்டு பக்கத்துக்கு நீண்டது. முன்கூட்டி அனுப்பிய மாதிரிச் சீட்டோ ஒவ்வொரு பக்கத்திலும் ஓட்டுப் போடச் சொன்னது. அங்கே போனது இன்னொரு இருபதாயிரத்துக்கு மேல். பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் தனியாக நின்று ஃபுளோரிடாவில் 97,488 ஓட்டு வாங்கியதைக் கோர் ஆட்கள் இன்றைக்கும் மறக்கவில்லை. எனக்கு அது அவ்வளவு பெரிய குற்றமாகத் தோன்றவில்லை. நின்றவர் ஓட்டு வாங்கத்தான் செய்வார்.

இரட்டைக் குத்து ஒரு பக்கம் என்றால், குத்தியும் உதிராத பொட்டு மறுபக்கம். அந்தப் பொட்டுக்கு அங்கே 'சாட்' என்று பெயர். ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு தொங்கினால் தொங்கும் சாட். உதிராமல் உப்பியிருந்தால் கர்ப்பிணி சாட். லேசாகக் குழி மட்டும் விழுந்திருந்தால் குழி சாட். எது ஓட்டு? 'வாக்காளரின் நோக்கம்' தெரிந்தால் எண்ணு என்று மட்டும் ஃபுளோரிடா சட்டம் சொன்னது. குழி நோக்கமா, தொங்கல் நோக்கமா என்று சொல்லவில்லை. கவுண்டிக்கு ஒரு விதி, சில இடத்தில் காலைக்கு ஒன்று மாலைக்கு ஒன்று. ப்ரோவர்ட் கவுண்டியில் ஒரு நீதிபதி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அட்டையைத் தூக்கிப் பிடித்துப் பூதக்கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்த படம் உலகம் முழுக்கப் போனது.

537 என்ற வித்தியாசத்தைச் சொல்ல அந்த எந்திரங்களுக்கு வக்கில்லை என்பதுதான் உண்மை. விறகுக்கடைத் தராசில் தங்கம் நிறுத்த கதை. தராசின் பிழையே தங்கத்தின் எடையை விட அதிகம்.

நீதிமன்றம் போகிற போக்கில் சொன்னது

கோர் தரப்பு மாகாணம் முழுக்கக் கையால் எண்ணச் சொல்லிக் கேட்கவில்லை. தங்களுக்குத் தோதான நான்கு கவுண்டிகளில் மட்டும் கேட்டார்கள். தார்மீக ரீதியில் இது பலவீனமான நிலை என்று அப்போதே பலர் சொன்னார்கள். எதிர்த்தரப்பில், ஃபுளோரிடா ஆளுநர் புஷ்ஷின் தம்பி ஜெப். முடிவுக்குச் சான்று தர வேண்டிய மாகாணச் செயலாளர் கேத்ரின் ஹாரிஸ், அங்கே புஷ் பிரசாரக் குழுவின் இணைத் தலைவர்களில் ஒருவர். நவம்பர் 22-ல் மயாமியில் கூச்சல் கூட்டத்துக்கு நடுவே எண்ணிக்கை நின்றுபோனது. 26-ம் தேதி மாலைக் கெடுவைப் பாம் பீச் சில மணி நேரத்தில் தவறவிட்டது. அன்றிரவே ஹாரிஸ் 537 என்று கையெழுத்துப் போட்டார்.

டிசம்பர் 8-ல் ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம் 4-3 என்று தீர்ப்பளித்து, எந்திரம் ஓட்டே இல்லை என்று ஒதுக்கிய சீட்டுகளை மாகாணம் முழுக்கக் கையால் எண்ண உத்தரவிட்டது. மறுநாள் எண்ண ஆரம்பித்தார்கள். அன்று மதியமே வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் 5-4 என்று தடை போட்டது. டிசம்பர் 12 இரவு இறுதித் தீர்ப்பு. கவுண்டிக்குக் கவுண்டி அளவுகோல் மாறுவது சமத்துவ உரிமைக்கு விரோதம் என்பதில் ஏழு நீதிபதிகள் சிக்கலை ஒப்புக்கொண்டார்கள். சரி, அப்படியானால் ஒரே அளவுகோல் வைத்து எண்ணச் சொல்லலாமே? நேரம் முடிந்துவிட்டது என்று ஐந்து பேர் சொன்னார்கள். நேரம் முடியக் காரணமே மூன்று நாள் முன்பு அவர்கள் போட்ட தடைதான். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த இடம் ஜீரணமாவதில்லை. போதாததற்கு, இந்தத் தர்க்கம் இந்த வழக்குக்கு மட்டும்தான் என்று ஒரு வரி வேறு.

ஆனால் நம் கேள்விக்கு முக்கியமான வரி அந்தத் தீர்ப்பின் நடுவில், அதிகம் பேசப்படாமல் கிடக்கிறது. அதிபருக்கான தேர்வாளர்களைத் தேர்ந்தெடுக்கத் தனிமனிதருக்கு அரசியல் சாசனப்படி ஓட்டுரிமை கிடையாது, மாகாணச் சட்டமன்றம் தேர்தல் வைக்க முடிவு செய்தால்தான் அது உண்டு என்கிறது அந்த வரி. நீதிமன்றம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. தென் கரோலினா 1860 வரை செய்ததை எந்த மாகாணமும் இன்றும் செய்யலாம் என்று நினைவூட்டியது, அவ்வளவுதான். ஏட்டளவில் மட்டும் இருந்த விஷயமும் இல்லை இது. தீர்ப்பு வந்த அதே நாள் பகலில் ஃபுளோரிடா பிரதிநிதிகள் சபை, எண்ணிக்கை எப்படிப் போனாலும் புஷ்ஷின் தேர்வாளர்களைத் தானே நியமிக்க 79-41 என்று தீர்மானம் போட்டிருந்தது. மேலவை அதை எடுக்கும் முன் தீர்ப்பு வந்துவிட்டதால் தேவைப்படவில்லை.

நாட்டில் யாருக்கு அதிக ஓட்டு என்பது 36 நாள் நடந்த இந்தச் சண்டையில் ஒரு நீதிமன்றத்திலும் வாதமாகக்கூட எழவில்லை. எழுந்தாலும் எந்தச் சட்டத்தின் கீழ் எழும்?

13-ம் தேதி கோர் தோல்வியை ஒப்புக்கொண்டார். 18-ம் தேதி தேர்வாளர்கள் கூடினார்கள். வாஷிங்டன் நகரத் தேர்வாளர் ஒருவர், தன் ஊருக்கு நாடாளுமன்றத்தில் ஓட்டுள்ள பிரதிநிதி இல்லாததைக் கண்டித்துச் சீட்டை வெறுமையாக விட்டார். அதனால்தான் புத்தகங்களில் 271-267 என்று இல்லாமல் 271-266 என்று இருக்கும்.

2001 ஜனவரி 6-ல் நாடாளுமன்றக் கூட்டு அமர்வு. துணை அதிபர்தான் தலைமை தாங்க வேண்டும். அப்போது துணை அதிபர் கோர். ஃபுளோரிடா பெயரை வாசித்ததும் கறுப்பின உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து ஆட்சேபித்தார்கள். அன்றைய 1887 சட்டப்படி ஆட்சேபத்தில் ஒரு செனட்டரும் கையெழுத்திட வேண்டியிருந்தது. ஒரு செனட்டர்கூடப் போடவில்லை. செனட்டர் கையெழுத்து இல்லாததைப் பற்றி எனக்குக் கவலை இல்லை என்றார் மாக்சின் வாட்டர்ஸ். விதிகளுக்குக் கவலை உண்டு என்று சொல்லி, தனக்காக எழுந்தவரைக் கோரே உட்கார வைத்தார். பிறகு தன் எதிராளி ஜெயித்ததைத் தன் வாயால் வாசித்தார்.

கசிவு எங்கே?

இனி முதல் கேள்விக்கு வருவோம். ஐந்தரை லட்சம் எங்கே போனது? வழக்கமாகச் சொல்லும் பதில்: கோருக்குக் கலிஃபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் ஓட்டு குவிந்தது, உபரி வீணானது. கலிஃபோர்னியாவில் 12.9 லட்சம், நியூயார்க்கில் 17 லட்சம் வித்தியாசம் என்பது சரிதான். ஆனால் புஷ்ஷுக்கும் டெக்சாஸில் 13.7 லட்சம் உபரி வீணானது. ஆகவே இந்தப் பதிலை அப்படியே வாங்கிக்கொள்ளாமல் ஒரு சோதனை போட்டுப் பார்க்கலாம்.

தேர்வாளர் எண்ணிக்கையில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் அந்த செனட் இரண்டைக் கழித்துவிடுங்கள். ஜெயித்தவருக்கே மொத்தமும் என்ற முறை அப்படியே இருக்கட்டும். புஷ் ஜெயித்தது 30 மாகாணம். 271-ல் 60 போனால் 211. கோர் ஜெயித்தது 20 மாகாணமும் தலைநகரமும். 267-ல் 42 போனால் 225. கோர் அதிபர்! ஃபுளோரிடாவின் 537 அப்படியே இருக்க, பட்டாம்பூச்சிச் சீட்டு அப்படியே இருக்க, தீர்ப்பும் அப்படியே இருக்க, கோர் அதிபர்.

2000-ல் உபரி ஓட்டு வீணாவது பெரிய காரணமாக இருக்கவில்லை, பெரிய மாகாணங்களை மொத்தமாக அள்ளியதில் கோருக்கு லாபம்கூட உண்டு. முடிவைப் புரட்டியது சின்ன மாகாணங்களுக்குக் கிடைத்த அந்த இரண்டு இரண்டு தேர்வாளர்கள். 2000 கணக்கெடுப்பில் வயோமிங்கின் ஜனத்தொகை ஐந்து லட்சம்கூட இல்லை, தேர்வாளர்கள் 3. கலிஃபோர்னியாவில் 3 கோடியே 38 லட்சம் பேர், தேர்வாளர்கள் 54. தலைக்கணக்குப்படி வயோமிங்காரரின் ஓட்டுக்குக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு எடை.

இதே சோதனையை 2016-ல் போட்டால் விடை வேறு. ஹிலரி கிளின்டனுக்கு நாடு முழுக்க 28 லட்சத்துக்கும் மேல் கூடுதல் ஓட்டு, தோற்றார். ட்ரம்ப்புக்கும் 30 மாகாணம்தான். நவம்பர் முடிவுப்படி 306-232. செனட் இரண்டைக் கழித்தால் 246-190. ட்ரம்ப்பேதான். அந்தத் தேர்தலைப் புரட்டியது 'ஜெயித்தவருக்கே மொத்தமும்'தான். மிச்சிகனில் 10,704, விஸ்கான்சினில் 22,748, பென்சில்வேனியாவில் 44,292 என்று மூன்று மெல்லிய வெற்றிகள் 46 தேர்வாளர்களை அள்ளிக் கொடுத்தன. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வியாதி மாதிரி இருக்கும். உள்ளே கசிந்த குழாய் வேறு வேறு. செனட் இரண்டு அரசியல் சாசனத்தில் பதிந்தது, எளிதில் கை வைக்க முடியாது. மொத்தமாக அள்ளும் முறை வெறும் மாகாணச் சட்டம், நாளைக்கே மாற்றலாம். 2000-ஐக் காட்டி 2016-க்கு மருந்து சொல்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இன்னொரு சின்ன விஷயம். 2000 தேர்தல் நடந்தது 1990 கணக்கெடுப்புப்படி பங்கிட்ட இடங்களை வைத்து. புதுக் கணக்கெடுப்பு வந்து இடங்களை மாற்றியபோது, அதே 30 மாகாணங்களின் மதிப்பு 271-லிருந்து 278 ஆனது. இந்த ஏற்பாடு குறிப்பிட்ட ஒரு கட்சிக்கு விசுவாசமானது என்று சொல்லவும் வழியில்லை. 2004-ல் புஷ் நாடு முழுக்க 30 லட்சம் ஓட்டு முன்னால். ஆனால் ஒஹையோவில் அறுபதாயிரம் பேர் மனசு மாறியிருந்தால் ஜான் கெர்ரி அதிபராகியிருப்பார்.

எண்ணி முடிக்காத சீட்டுகள் பிறகு எண்ணப்பட்டனவா? எண்ணினார்கள். பெரிய செய்தி நிறுவனங்கள் சேர்ந்து, சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையத்தை வைத்து, ஒதுக்கப்பட்ட 1,75,010 சீட்டையும் பார்க்க வைத்தன. 2001 நவம்பரில் முடிவு வந்தது. கோர் கேட்டபடி நான்கு கவுண்டியில் மட்டும் எண்ணியிருந்தால் புஷ்தான். இரட்டைக் குத்து உட்பட மாகாணம் முழுக்க எல்லாச் சீட்டையும் எண்ணியிருந்தால், எந்த அளவுகோல் வைத்தாலும், கோர் இருநூறுக்கும் குறைந்த வித்தியாசத்தில் முன்னால். அதாவது கோர் எதைக் கேட்டாரோ அது கிடைத்திருந்தாலும் தோற்றிருப்பார், எதைக் கேட்கவில்லையோ அதில் ஜெயித்திருப்பார்.

மாற்றியது என்ன?

துளை அட்டையை ஃபுளோரிடா 2001-லேயே ஒழித்தது. 2002-ல் வந்த மத்தியச் சட்டம் மற்ற மாகாணங்களுக்கும் எந்திரம் மாற்றப் பணம் கொடுத்தது. தராசை மாற்றினார்கள், எடைக்கல்லைத் தொடவில்லை.

தொட்டுப் பார்த்த சமயம் ஒன்று முன்பே உண்டு. நேரடித் தேர்தலுக்கான சட்டத்திருத்தம் 1969-ல் பிரதிநிதிகள் சபையில் 338-70 என்று அமோகமாக நிறைவேறியது. அதிபர் நிக்சனும் ஆதரித்தார். 1970-ல் செனட்டில் தெற்கத்திய உறுப்பினர்களும் சின்ன மாகாணத்துக்காரர்களும் பேசிப் பேசியே அதைச் சாகடித்தார்கள். திருத்தம் வேண்டுமானால் 38 மாகாணம் ஒப்ப வேண்டும். கூடுதல் எடை உள்ளவர்களே கையெழுத்துப் போட்டு அதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றால் எப்படி நடக்கும்?

அதனால் சுற்றுவழி ஒன்று கண்டுபிடித்தார்கள். நாடு முழுக்க அதிக ஓட்டு வாங்கியவருக்கே எங்கள் தேர்வாளர்களைக் கொடுப்போம் என்று மாகாணங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொள்வது. சேர்ந்தவர்களின் தேர்வாளர் எண்ணிக்கை 270-ஐத் தொட்டால்தான் அமலுக்கு வரும். சட்டமன்றம் தேர்வாளர்களை எப்படி வேண்டுமானாலும் நியமிக்கலாம் என்ற அதே விதியைத் திருப்பிப் போட்ட யோசனை, கெட்டிக்காரத்தனம்தான். 2007-ல் மேரிலாண்ட் முதலில் சேர்ந்தது. 2024-ல் மெய்ன் சேர்ந்தபோது எண்ணிக்கை 209. சேர்ந்தவை எல்லாம் கோர் கட்சி பலமாக உள்ள இடங்கள். புஷ் கட்சியின் மாகாணம் ஒன்றுகூட உள்ளே வரவில்லை. 270 வந்தாலும் மறுநாளே உச்ச நீதிமன்றப் படி ஏறும் என்பது நிச்சயம். புஷ்ஷுக்காக 2000-ல் வேலை பார்த்த வழக்கறிஞர்களில் மூன்று பேர், ஜான் ராபர்ட்ஸ், பிரெட் கவனா, ஏமி கோனி பாரெட், இப்போது அங்கே நீதிபதிகள்.

ஃபுளோரிடாவில் இப்போது யாரும் பூதக்கண்ணாடி எடுப்பதில்லை. 2024-ல் ட்ரம்ப் அங்கே 14 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார், கடைசி வாரப் பிரசாரம் பென்சில்வேனியா மாதிரி இழுபறி மாகாணங்கள் பக்கம்தான். ஃபுளோரிடாவின் தேர்வாளர்கள் இப்போது 30. அன்று 537-க்குக் கிடைத்தது 25. இன்று 14 லட்சத்துக்குக் கிடைத்தது 30.